பேமேக்ஸைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்? படம் காட்டிக் கருத்துக் கேட்கும் முறை

சனசமூக நிலையத்திலோ நூலக மண்டபத்திலோ பிள்ளைகளுக்கு ஒரு படம் போடுகிறோம். முடிந்ததும் பொறுப்பாக நிற்பவர் "படம் எப்பிடி?" என்று கேட்கிறார். "நல்லம்!" என்று மண்டபம் அதிரப் பதில் வருகிறது. அதோடு எல்லாரும் செருப்புத் தேடப் போய்விடுகிறார்கள். இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு அதைவிட வேறு பதில் இல்லை. எந்த இடம், எந்த ஆள், ஏன் என்று தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைகூடப் பெரியவர்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்லும். திருகோணமலையில் ஒரு மண்டபத்தில் 40 பிள்ளைகளை வைத்து அதைச் செய்வது எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு.

படமும் அதற்கான ஆயத்தமும்

எடுத்துக்கொண்ட படம் 'பிக் ஹீரோ 6'. வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டூடியோஸ் தயாரித்து, 2014 நவம்பரில் அமெரிக்காவில் வெளியானது. இயக்கியவர்கள் டான் ஹால், கிறிஸ் வில்லியம்ஸ். நீளம் 102 நிமிடம். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் விருது 2015இல் இதற்குக் கிடைத்தது. மூலக்கதை மார்வெல் சித்திரக்கதை ஒன்றிலிருந்து எடுத்தது என்றாலும் மார்வெலின் மற்றச் சுப்பர் ஹீரோ படங்களோடு கதைத் தொடர்பு கிடையாது. பெரிய பொடியன்கள் கட்டாயம் இதைக் கேட்பார்கள், பதிலைத் தெரிந்து வைத்திருங்கள்.

சான் ஃபிரான்சோக்கியோ என்ற கற்பனை நகரத்தில் 14 வயது ஹிரோ, அவன் அண்ணன் டடாஷி, அண்ணன் செய்த பேமேக்ஸ் என்ற காற்றடைத்த வைத்திய ரோபோ. சண்டைக்குச் செய்யாத ஒரு ரோபோவைச் சண்டைக்கு இழுத்தால் என்ன நடக்கும் என்பதே கதையின் உயிர். ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கும் பேமேக்ஸின் உடம்பு அசைவே கதை சொல்லிவிடும். இந்த வேலைக்கு இதைத் தேர்ந்தெடுக்க அதுவே போதுமான காரணம்.

நடத்துபவர் படத்தை முன்கூட்டியே இரண்டு தரம் பார்க்க வேண்டும். முதல் தரம் சும்மா. இரண்டாம் தரம் பேனையும் கொப்பியும் வைத்துக்கொண்டு, பிறகு கேள்வி கேட்கப்போகும் இடங்களின் நேரத்தைக் குறித்தபடி. குறிக்க வேண்டிய இடங்கள் இவை: ஹிரோவின் கையில் ஒட்டிய டேப்பை அண்ணன் பிய்த்ததும் பேமேக்ஸ் முதன்முதல் எழும்புவது, கண்காட்சி மண்டபத் தீ, பற்றரி இறங்கிய பேமேக்ஸ் வீட்டுக்கு வருவது, கார் தண்ணீருக்குள் விழுவது, தீவில் ஹிரோ பேமேக்ஸை வைத்தியராக இயக்கும் பச்சை சிப்பைக் கழற்றுவது, அண்ணனின் பழைய வீடியோக்கள், கடைசிப் பிரிவு. உங்கள் கையிலுள்ள பிரதியிலேயே நேரத்தைக் குறியுங்கள். தொடக்கத்தில் குறும்படமோ விளம்பரமோ சேர்ந்த பிரதியென்றால் கணக்கு மாறிவிடும்.

உரிமம் பற்றி ஒரு சொல். வீட்டுக்கு வாங்கிய டிஸ்க்கும் ஒன்லைன் சந்தாவும் வீட்டில் பார்ப்பதற்குத்தான். பொது மண்டபத்தில் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும், டிக்கெட் இல்லாவிட்டாலும்தான். அனுமதி கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிடத் தேவையில்லை. ஒரு வாரத்துக்குள் வீட்டில் குடும்பமாகப் பார்க்கச் சொல்லி, கருத்துக் கேட்கும் கூட்டத்தை மட்டும் மண்டபத்தில் வையுங்கள். பிள்ளைகள் கருத்து எழுதும் அட்டையை வீட்டுக்கே கொடுத்தனுப்பி, படம் முடிந்தவுடன் எழுதச் சொன்னால் கீழே வரும் முறை அப்படியே பொருந்தும்.

பெற்றோருக்கு முதலே சொல்ல வேண்டியது

கதை தொடங்கி அரை மணி நேரம் அளவில் ஹிரோவின் அண்ணன் தீயில் இறந்துபோகிறான். பிறகு வரும் முழுப் படமும் அந்த இழப்பின் மேல்தான் நிற்கிறது. ஹிரோவுக்குத் தாய் தகப்பனும் இல்லை, சித்தியிடம் வளர்கிறான்.

நமது ஊரில் இதைச் சாதாரணமாக விட முடியாது. கடலுக்குப் போனவர் திரும்பி வராத வீடு, யுத்தத்தில் ஆளைத் தொலைத்த வீடு, 2004 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எந்த வீதியிலும் உண்டு. பிள்ளை அதற்குப் பிறகு பிறந்திருக்கலாம். ஆனால் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதான். அழைப்புத் துண்டில் "படத்தில் ஒரு அண்ணன் இறக்கும் காட்சி உண்டு" என்று ஒரே வரி போடுங்கள். அண்மையில் வீட்டில் இழப்பு நடந்த பிள்ளை யார் என்று வகுப்பு ஆசிரியரிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ மெதுவாகக் கேட்டு வையுங்கள். அந்தப் பிள்ளையை ஒதுக்கக் கூடாது. தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். மண்டபத்துக்கு வெளியே விறாந்தையில் இரண்டு கதிரையும் தண்ணீரும் வைத்துவிடுங்கள். எழும்பிப் போகும் பிள்ளைக்கு உட்கார ஒரு இடம் வேண்டும்.

நாள், நேரம்

சனிக்கிழமை காலை டியூஷன். ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் பூசையும். வெள்ளி மதியம் ஜும்ஆ. மாலையென்றால் மஃரிப் தொழுகை முடிந்து ஏழு மணிக்குத்தான் தொடங்கலாம். இடைவேளையோடு முடிய ஒன்பதாகிவிடும். அட்டை எழுத நேரமிருக்காது, நிலாவெளிப் பக்கமும் கிண்ணியாப் பக்கமும் போக வேண்டிய பிள்ளைகள் பஸ்ஸை நினைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே பாடசாலை விடுமுறையில் ஒரு கிழமை நாள் காலைதான் சரியான நேரம். 8.30க்குத் தொடங்கி, நடுவில் 10 நிமிடம் விட்டால், 10.22க்குப் படம் முடியும். 10.35 வரை அட்டை. 11 மணி வரை பேச்சு. வெயில் ஏறுமுன் பிள்ளைகள் வீட்டில்.

மார்கழி விடுமுறையைத் தவிருங்கள். தகரக் கூரையோ அஸ்பெஸ்டஸ் கூரையோ போட்ட மண்டபத்தில் மாரி மழை பெய்தால் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. ஆவணியில் கச்சான் என்ற பலத்த தென்மேற்குக் காற்று. கடற்கரையில் திரை கட்டிப் படம் போடும் ஆசை அந்த மாதங்களில்தான் எல்லாருக்கும் வரும், அந்த மாதங்களில்தான் அது சரிவராது. 2 மீற்றர் அகலச் சீலையைக் கச்சானுக்கு எதிரே கட்டினால் அது பாய்மரம் போல இழுக்கும், கம்பமும் சேர்ந்து வரும். மணலும் உப்புக் காற்றும் புரொஜெக்டருக்குள் போனால் பிறகு கழுவித் துடைக்க முடியாது. மண்டபத்துக்குள்ளேயே வையுங்கள்.

மண்டபம்

படத்தின் அகலம் 2.2 மீற்றர், உயரம் 1.25 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 100 அங்குலத் திரை. 40 பிள்ளைக்கு இது தாராளம். ஆனால் இந்தப் படம் அகலத் திரைப் படம். மேலும் கீழும் 16 சென்ரிமீற்றர் கறுப்புப் பட்டை விழும், உண்மையான காட்சி 92 சென்ரிமீற்றர் உயரம்தான். பாயில் இருக்கும் பிள்ளைகள் முன்னால் இருப்பவரின் தலைக்கு மேலாகப் பார்க்க, திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 1 மீற்றருக்குக் குறையக் கூடாது. நல்ல வெள்ளைச் சுவர் இருந்தால் அதுவே திரை. மினுங்கும் பெயின்ற் அடித்த சுவர் வேண்டாம், நடுவில் வெளிச்சப் பொட்டு விழும். சீலை கட்டுவதானால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, பின்னால் கறுப்புத் துணி ஒன்றும் போடுங்கள். தனிச் சீலை வெளிச்சத்தில் பாதியைப் பின்பக்கம் விட்டுவிடும்.

3000 லூமென் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் போதும், மண்டபத்தை இருட்டாக்கினால். திரைக்குப் பக்கத்து ஜன்னல்களுக்கு மட்டும் கறுப்புப் பொலித்தீன் ஒட்டுங்கள். பின்பக்கக் கதவுகள் திறந்தே இருக்கட்டும். எல்லாவற்றையும் அடைத்தால் 40 பிள்ளைகளின் மூச்சோடு மண்டபம் அரை மணியில் அடுப்பாகிவிடும். பிறகு யாரும் படத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள், தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பெரும்பாலான சாதாரணப் புரொஜெக்டர்கள் 2.2 மீற்றர் அகலத்துக்கு ஏறக்குறைய 3.3 மீற்றர் பின்னால் நிற்க வேண்டும். அதாவது பிள்ளைகளுக்கு நடுவில். எனவே நடுவே 1 மீற்றர் வழி விட்டு, இரு பக்கமும் நால்வர் வீதம் ஐந்து வரிசை போடுங்கள். முதல் வரிசை திரையிலிருந்து 2.5 மீற்றர். சூடான காற்று வெளியேறும் பக்கத்தில் பிள்ளையை இருத்த வேண்டாம். வயர்களைத் தரையோடு அகலமான டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

லாப்டொப்பைப் புரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே வைத்து 2 மீற்றர் எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். நீளமான மலிவுக் கேபிளில் படம் விட்டு விட்டு வரும். ஒலிக் கேபிளைத்தான் திரைவரை இழுக்க வேண்டும், ஸ்பீக்கர் திரைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் பேச்சு வாயிலிருந்து வருவது போலிருக்கும். அந்தக் கேபிளைக் கரண்ட் வயரோடு சேர்த்து ஓடவிட்டால் இரைச்சல் கலக்கும், அரை மீற்றராவது தள்ளிப் போடுங்கள். பழைய மண்டபங்களில் வட்டப் பின் சொக்கெட்டும் புதியவற்றில் 13 அம்பியர் சதுரப் பின் சொக்கெட்டும் இருக்கும். இரண்டுக்கும் அடாப்டர் கொண்டுபோங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த புரொஜெக்டரை உடனே போட வேண்டாம். நம்மூர் ஈரக் காற்றில் லென்ஸ் புகைபிடித்தது போல மங்கும், அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுப் போடுங்கள்.

மொழி

தமிழ் ஒலித்தடம் உள்ள பிரதி கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. ஆங்கிலம்தான் என்றால், தமிழ் எழுத்து ஓடினாலும் தரம் 4க்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளால் அந்த வேகத்துக்கு வாசிக்க முடியாது. எழுத்து ஓடுவதானால் அதைக் கீழ்க் கறுப்புப் பட்டைக்குள் இறக்கி வையுங்கள், படத்தை மறைக்காது.

ஒருவர் பக்கத்தில் நின்று கதை சொல்லலாம், ஆனால் ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்க்கக் கூடாது. இருபது இடத்துக்கு மேல் வாய் திறக்கக் கூடாது. ஒரு தரத்துக்கு ஒரு வசனம். "இவர் ஹிரோன்ட அண்ணா", "இந்தச் சின்னச் சின்ன ரோபோ எல்லாம் தலைப்பட்டி போட்டவர் நினைக்கிற மாதிரி ஓடும்", இவ்வளவுதான். சிரிப்புக் காட்சியில் விளக்கம் சொன்னால் சிரிப்புப் போய்விடும். படம் போடுமுன் கரும்பலகையில் ஹிரோ, டடாஷி, பேமேக்ஸ், கோகோ, வசாபி, ஹனி லெமன், ஃப்ரெட் என்று ஏழு பெயரையும் எழுதி ஒரு தரம் வாசிக்கச் செய்யுங்கள். பிறகு அட்டையில் "அந்த உயரமான அக்கா" என்று எழுதி நீங்கள் யாரென்று தேட வேண்டி வராது.

இடைவேளையைப் பாதியை ஒட்டி விடுங்கள்: கார் தண்ணீருக்குள் போய், பேமேக்ஸ் எல்லாரையும் மிதந்து மேலே கொண்டுவந்ததும். பற்றரிக் காட்சியின் நடுவிலோ தீக்குப் பின்னாலோ விட வேண்டாம். சோகம் இறங்குமுன் பிஸ்கட் கொடுத்தால் அந்தச் சோகம் திரும்பி வராது.

கருத்து அட்டை

ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஒரு அட்டை. 40 பிள்ளைக்கு 10 தாள், உபரிக்கு 2 தாள். பென்சில்களை முதல் நாளே சீவி வையுங்கள். ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் சிங்களம். நகரத்துக்குள் நடத்தினால் சிங்கள மொழி மூலம் படிக்கும் பிள்ளைகளும் வருவார்கள். ஓரத்தில் வரிசை எண்ணும் வகுப்பும் மட்டும். பெயர் வேண்டாம். பெயர் இருந்தால் பிள்ளை ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதும். வரிசை எண் எதற்கென்றால், ஒரே வரிசையில் நான்கு அட்டையில் ஒரே வசனம் வந்தால் பார்த்து எழுதியது என்று தெரியும். அவற்றை ஒரு கருத்தாகவே எடுக்க வேண்டும்.

கேள்விகள் நான்கு. இந்த ஒழுங்கிலேயே:

1. எந்த இடத்தைத் திரும்ப ஒருக்காப் பார்க்க விருப்பம்?
2. எந்த இடத்தில் அலுப்படித்தது?
3. பச்சை சிப்பைக் கழற்றிய பிறகு நடந்ததற்கு யார் பொறுப்பு, ஹிரோவா பேமேக்ஸா? ஏன்?
4. 1 முதல் 10 வரை எத்தனை கொடுப்பீர்கள்? ஒரு காரணம் எழுதுங்கள்.

இரண்டாவது கேள்வியை எடுத்துவிட வேண்டாம். குறை சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைத்து வளரும் பிள்ளைகளுக்கு, குறை சொல்லும் உரிமையை அந்த ஒரு வரிதான் கொடுக்கிறது. எண்ணைக் கடைசியில் வைத்ததற்கும் காரணம் உண்டு. முதலில் 10 போட்ட பிள்ளை பிறகு அலுப்படித்த இடத்தை எழுதாது. போட்ட எண்ணுக்கு ஏற்ற மாதிரித்தான் மற்றப் பதில்கள் வளையும். பேமேக்ஸ் நோயாளியிடம் நோவை 1 முதல் 10 வரை சொல்லச் சொல்வதைப் படத்தில் பார்த்திருப்பதால் இந்த அளவைப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. எண் போட மறுபடி ஒரு சந்தோஷமும் வரும்.

அட்டையை எப்போது கொடுப்பது? கடைசிப் பெயர்ப் பட்டியல் ஓடும்போது. பட்டியலுக்குப் பின்னால் ஃப்ரெட் வரும் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. அது தெரியாமல் விளக்கைப் போட்டால் பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள். "இன்னும் ஒரு காட்சி இருக்கு" என்று சொல்லி, அதுவரை அட்டைகளைக் கைமாற்றுங்கள். காட்சி முடிந்ததும் விளக்கு, 8 நிமிட அமைதி, எழுத்து. யாரும் யாரோடும் பேசுமுன் எழுதிவிட வேண்டும். முதலில் பேசவிட்டால் சத்தமாகப் பேசும் மூன்று பேரின் கருத்து 40 அட்டையில் வரும்.

தரம் 2 வரையான பிள்ளைகளுக்கு எழுத்துக்குப் பதில் படம். இதில் ஒரு சிக்கல்: இரண்டு முட்டை வடிவம், இரண்டு புள்ளி, நடுவில் ஒரு கோடு போட்டால் பேமேக்ஸ். அவ்வளவு சுலபம் என்பதால் எல்லாரும் அவரையே வரைவார்கள். "பேமேக்ஸுக்குப் பக்கத்தில யார் நிக்கினம், எங்க நிக்கினம், அதையும் கீறுங்கோ" என்று சொல்லுங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் போய் "இது என்ன?" என்று கேட்டு, பிள்ளை சொன்ன சொல்லையே கீழே எழுதுங்கள்.

வட்டப் பேச்சு

எட்டு முதல் பத்துப் பேர் கொண்ட வட்டங்கள். வட்டத்துக்கு இருவர்: ஒருவர் கேட்பவர், மற்றவர் எழுதுபவர். இரண்டையும் ஒருவரே செய்தால் எழுதக் குனியும் நேரத்தில் பேச்சு அறுந்துவிடும். கேட்பவர் தன் கருத்தை வாயிலும் காட்டக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. உதாரணத்துக்கு ஒரு பேச்சு இப்படிப் போகும்:

"பேமேக்ஸ் நல்லம் டீச்சர்."
"எந்த இடத்தில தம்பி?"
"பற்றரி இறங்கினாப் பிறகு."
"அப்ப என்ன செய்தவர்?"
"தள்ளாடினவர். சத்தம் போடாம வரச் சொல்லியும் சத்தம் போட்டவர்."
"அதுக்கு ஹிரோ என்ன செய்தவன்?"
"சித்திக்குத் தெரியாம ஒளிச்சவன். தாங்கிக்கொண்டு படியில ஏத்தினவன்."
"அதுக்கு முந்தி யார் யாரைப் பார்த்துக்கொண்டது?"

இங்கே பொடியன் கொஞ்சம் நிற்பான். அதுவரை பேமேக்ஸ்தான் ஹிரோவைப் பார்த்துக்கொண்டது, இப்போது மாறிவிட்டது. அதை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பத்து விநாடி பொறுத்திருங்கள், வட்டத்தில் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். பெரியவர்களுக்கு அந்தப் பத்து விநாடி பொறுப்பதுதான் இந்த முழு வேலையிலும் கஷ்டமான காரியம்.

வழக்கமாக வரும் கருத்துகளும் அவற்றைத் தோண்டும் முறையும்:

பேமேக்ஸ் பிடிக்கும் என்பது எல்லா அட்டையிலும் இருக்கும். அதை நடை, குரல், குணம் என்று பிரித்துக் கேளுங்கள். முகத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சு நன்றாக ஓடும்: வாய் இல்லை, புருவம் இல்லை, ஆனாலும் கவலைப்படுகிறார் என்று எப்படித் தெரிந்தது? ஜப்பானியக் கோவில் மணி ஒன்றைப் பார்த்துத்தான் இயக்குநர் டான் ஹாலுக்கு அந்த முகம் தோன்றியது என்பதைப் பதில்கள் வந்த பிறகு சொல்லுங்கள்.

தரம் 8க்கு மேற்பட்டவர்களும் கூட வந்த பெற்றோரும் "இரண்டாம் பாதி மற்றப் படங்கள் மாதிரித்தான்" என்பார்கள். அது சரியான கருத்து. முதல் பாதியில் இருந்த நிதானம் உடைகள் தைத்துப் பறக்கத் தொடங்கியதும் போய்விடுகிறது, கடைசிச் சண்டையை வேறு எந்தச் சுப்பர் ஹீரோ படத்திலும் வைக்கலாம். ஆனால் பச்சை சிப்பைக் கழற்றும் காட்சியும் அந்தப் பாதியில்தான் வருகிறது, படத்தில் அதைவிடக் கனமான காட்சி இல்லை. வைத்தியம் செய்யும் சிப் போனதும் அதே கைகள் கொல்ல வருகின்றன. தடுக்க வந்த நண்பர்களையும் தள்ளிவிடுகின்றன. மூன்றாவது கேள்வியை இதன் மேல் வைத்தது அதனால்தான். சின்னவர்கள் "பேமேக்ஸில பிழை இல்லை, சிப் இல்லாததால" என்பார்கள். பெரியவர்கள் ஹிரோவின் பக்கம் நின்று "அண்ணாவைக் கொன்றவனை விடுறதா?" என்பார்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே வட்டத்தில் எதிரெதிரே இருத்திப் பேசவிடுங்கள். 25 நிமிடத்தில் 10 நிமிடம் இதற்கே போகலாம், போகட்டும்.

நண்பர்கள் நால்வருக்கும் படத்தில் இடம் குறைவு என்ற குறையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொருவரின் சக்தியைத் தவிர இன்னொரு விஷயம் சொல்லச் சொல்லுங்கள். வசாபிக்குச் சொல்வார்கள்: வில்லன் துரத்தி வரும்போதும் சிவப்பு விளக்குக்குக் காரை நிறுத்தினவர். ஃப்ரெட்டுக்குச் சொல்வார்கள்: பெரிய மாளிகைக்காரர். கோகோவுக்கும் ஹனி லெமனுக்கும் தடுமாறுவார்கள். குறை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். அந்த இருவரும் ஆராய்ச்சி கூடத்தில் வேலை செய்யும் மாணவிகள் என்பதைப் பெண் பிள்ளைகள் கவனித்தார்களா என்றும் கேளுங்கள்.

வில்லன் யார் என்று முதலே தெரிந்ததா? "தெரியும்" என்பவர்களிடம் எந்த இடத்தில், எதை வைத்து என்று கேளுங்கள். தடயம் சொல்ல முடியாதவர்கள் வெளிப்பட்ட பிறகு தெரிந்தவர்கள். தவறில்லை, ஆனால் எழுதும்போது வேறாகக் குறியுங்கள்.

அண்ணன் இறந்த இடத்தில் அழுகை வந்தது என்று ஒரு பிள்ளை சொன்னால், நன்றி சொல்லி அடுத்தவருக்குப் போங்கள். "ஏன், வீட்டில யாராவது?" என்று கேட்கவே கூடாது. பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள், கொப்பியில் எழுத வேண்டாம்.

"இப்பிடி ரோபோ உண்மையா இருக்கா?"

கட்டாயம் வரும் கேள்வி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் காற்றடைத்த மெல்லிய கை ஒன்றைச் செய்திருந்தார்கள். நோயாளியைத் தொட்டாலும் காயப்படுத்தாத கை. படக்குழு போய்ப் பார்த்தது அதைத்தான், பேமேக்ஸ் அங்கிருந்துதான் வந்தார். பாரம் தூக்குவது, ஓட்டை விழாமல் காப்பது எல்லாம் அப்படிப்பட்ட ரோபோவுக்குக் கஷ்டம். பறப்பது கற்பனை.

காட்டிக்கொடுக்க நீளமான பலூன் ஒன்று போதும். ஈரத் துணியால் மேலுள்ள மாவைத் துடைத்துக் காயவிட்டு, காற்றடிக்குமுன் ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் டேப் ஒட்டுங்கள். பிறகு ஊதினால் டேப் ஒட்டிய பக்கம் நீளாது, மற்றப் பக்கம் நீளும். பலூன் விரல் மடிவது போல டேப் பக்கம் வளையும். மாவைத் துடைக்காவிட்டால் டேப் பாதியில் கழன்றுவிடும்.

அட்டைகளைப் பிரிப்பது

அன்றைக்கே செய்யுங்கள். முதலில் எண்ணைப் பார்க்காமல், எதைப் பற்றி எழுதியிருக்கிறது என்று குவியுங்கள்: பேமேக்ஸ், அண்ணன், சண்டை, நண்பர்கள், வில்லன், நகரம். ஒரு அட்டை இரண்டு குவியலுக்குப் பொருந்தினால் முதலாவது கேள்வியின் பதிலைப் பாருங்கள். பிறகு வகுப்புப்படி: தரம் 5 வரை ஒன்று, 6 முதல் 8 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. சண்டைதான் அலுப்படித்தது என்று பெரியவர்களும், ஆராய்ச்சி கூடத்துப் பேச்சு அலுப்படித்தது என்று சின்னவர்களும் எழுதியிருப்பது இந்தப் பிரிப்பில்தான் தெரியும்.

எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டாம். பாதிப் பேர் யோசிக்காமல் 10 போட்டிருப்பார்கள், அது எல்லாவற்றையும் மேலே இழுத்துவிடும். 40 அட்டையையும் எண் வரிசையில் அடுக்கி, 20ஆவதும் 21ஆவதும் என்ன என்று பாருங்கள். நடுவில் நிற்கும் பிள்ளையின் கணக்கு அது. பிறகு 5க்குக் குறைந்த அட்டைகளை எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். குறைவாகப் போட்ட பிள்ளை பெரும்பாலும் ஒரு திட்டமான காரணம் வைத்திருக்கும்: பேச்சு விளங்கவில்லை, பின்னால் இருந்ததால் தெரியவில்லை, தீயைப் பார்க்கப் பயம். இவற்றில் பாதி படத்தின் குறையல்ல, மண்டபத்தின் குறை. அவற்றைத் தனித் தாளில் எழுதி அடுத்த காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், படத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எழுதி வெளியிடுவது

400 சொல் போதும். தொடக்கத்தில் இரண்டு வரியில் படம், ஆண்டு, இயக்குநர்கள், நீளம். கதைச் சுருக்கம் தீவரை போகக் கூடாது. வில்லன் யார், பேமேக்ஸுக்கு முடிவில் என்ன என்பதைப் பார்க்காதவர்களுக்கு விட்டுவையுங்கள். மிச்ச இடமெல்லாம் பிள்ளைகளுக்கு.

அவர்களுடைய வசனத்தை அழகுபடுத்த வேண்டாம். எழுத்துப் பிழை திருத்தலாம். "பேமேக்ஸ் என்னட்டையும் நோகுதோ எண்டு கேட்டா நான் இல்லை எண்டுதான் சொல்லுவன்" என்று எழுதியிருந்தால் அப்படியே போடுங்கள். அதைத் தூய தமிழாக்கினால் பிள்ளை காணாமல் போய்விடும். "தரம் 6 மாணவி" என்ற அளவு போதும். பெயர், பாடசாலை, முகம் தெரியும் புகைப்படம் எதுவும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேண்டாம். பிடித்த கருத்துக்கு மூன்று வரி கொடுத்தால் பிடிக்காத கருத்துக்கும் மூன்று வரி கொடுங்கள். நடத்துபவரின் கருத்தைக் கடைசியில் தனியாக, நடத்துபவரின் கருத்து என்றே தலைப்பிட்டுப் போடலாம்.

அறிவித்தல் பலகையில் ஒட்டும் பிரதியைத் தரையிலிருந்து 1.2 மீற்றருக்கு மேல் போகாமல் ஒட்டுங்கள். வாசிக்க வேண்டியவர்களின் உயரம் அதுதான். பக்கத்தில் ஒரு பென்சிலையும் நூலில் கட்டி, வெற்றுத் தாள் ஒன்றும் தொங்கவிடுங்கள். தான் சொன்னதைப் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று நினைக்கும் பிள்ளை அதில் திருத்தி எழுதும். ஒரு கிழமை கழித்து அந்தத் தாளைக் கழற்றி அட்டைகளோடு சேர்த்து, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வையுங்கள். கடற்காற்றில் திறந்து கிடக்கும் கடதாசி ஈரம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும், அடுத்த படத்தின் அட்டைகளோடு ஒப்பிட எடுக்கும்போது ஒன்றையும் பிரிக்க முடியாது.